தீர்க்கதரிசிகள் அறிவித்த திருப்பிறப்பு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று நம் கோவில்களில் வாசிக்கப்படும் முதல் வாசகத்தைக் கவனித்துக் கேட்போர் மிகச் சிலரே. குடில் கட்டும் வேலை பாதியில் நிற்கும். பாடகர் குழுவுக்கு இன்னும் ஒரு பாட்டு பழக்கத்துக்கு வந்திராது. வீட்டில் பலகாரத்துக்கு மாவு இடித்தாக வேண்டும். பிள்ளைகளுக்குத் தைக்கக் கொடுத்த சட்டை தையற்காரரிடமிருந்து வந்தபாடில்லை. இவ்வளவுக்கும் நடுவே ஒருவர் எழுந்து போய், நமக்கு அறிமுகமில்லாத ஓர் அரசனைப்பற்றியோ ஒரு சிற்றூரைப்பற்றியோ சில வரிகள் வாசித்துவிட்டு வந்து அமர்கிறார். நாமும் பழக்கத்தால் பதில் சொல்லி விடுகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-ஆம் ஆண்டு வெளியான வாசக ஒழுங்கின்படி, அந்த ஞாயிறுக்கென மூன்று வாசகங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வருகின்றன. ஓர் ஆண்டு இசையாஸ், மறு ஆண்டு சாமுவேல் இரண்டாம் ஆகமம், மூன்றாம் ஆண்டு மிக்கேயாஸ். (இப்போதைய பொது மொழிபெயர்ப்பில் எசாயா, மீக்கா என வாசிக்கிறோம், நம் பெரியோர் வழங்கிய பெயர்களையே இங்கு கையாளுகிறோம்.) நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் பூசை இலத்தீனில் நடந்தது. ஞாயிறு பூசையில் பழைய ஏற்பாட்டு வாசகம் என்பதும் அரிது. ஆகவே மீட்பரின் பிறப்பு முன்னறிவிக்கப்பட்டது என்பதை அவர்கள் ஞானோபதேசத்தில் கேட்டு விசுவசித்தார்களேயன்றி, யார், எப்போது, எந்த நெருக்கடியில் அறிவித்தார் என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. நமக்கோ வாய்ப்பு ஆண்டுதோறும் வருகிறது. யூபிலி ஆண்டு கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கும் ஆண்டாதலால், பங்கின் வரலாற்றோடு இந்த மூன்று வாசகங்களின் வரலாற்றையும் இம்மலரில் எழுதி வைப்பது தகும் என எண்ணினோம்.

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்வோம். வருவதைச் சொல்வது என்றவுடன் நம் நாட்டில் நினைவுக்கு வருபவை பஞ்சாங்கமும் நாடி ஏடும் கிளிச் சோதிடமும்தான். அந்த நினைவோடு வேதாகமத்தைத் திறந்தால், இசையாஸ் எழுநூறு ஆண்டுகளுக்கு அப்பால் நடக்கப்போவதைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்து எழுதி வைத்தவர் போலத் தோன்றுவார். எபிரேய மக்கள் தீர்க்கதரிசி என்றது அத்தகையவரை அன்று. இறைவனால் அழைக்கப்பட்டு, அவருடைய சொல்லைத் தன் காலத்து அரசனுக்கும் குடிகளுக்கும் முகத்துக்கு நேரே சொல்பவரே தீர்க்கதரிசி. இறைவாக்கினர் என்று இப்போது நாம் வழங்கும் சொல் இந்தப் பொருளை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. அவர் வருங்காலத்தைப் பேசும்போதும் வாக்குக் கொடுப்பவர் இறைவன். வாக்குப் பெறுபவர்கள் எதிரே நிற்கும் மனிதர்கள்.

காலவரிசையில் முதலில் வருவது தாவீது அரசருக்கு நாத்தான் சொன்ன வாக்கு. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தாம் கேதுரு மர அரண்மனையில் வாழ, உடன்படிக்கைப் பேழை கூடாரத்தில் இருப்பதைக் கண்டு மனம் வருந்தினார் தாவீது. ஆண்டவருக்கு ஓர் இல்லம் கட்ட விரும்பினார். நாத்தானும் சரியென்றார். அன்றிரவே ஆண்டவரின் சொல் நாத்தானைத் திருப்பியது. தாவீது இறைவனுக்கு வீடு கட்ட வேண்டியதில்லை. இறைவனே தாவீதுக்கு ஒரு வீட்டை, அதாவது ஒரு குடும்பத்தை, நிலைநாட்டுவார். அவருடைய வழிமரபின் அரியணை என்றும் நிலைக்கும். கபிரியேல் தூதர் நாசரேத்தில் கன்னிமரியிடம் சொன்ன செய்தியில் தாவீதின் அரியணையைக் குறிப்பிட்டது இவ்வாக்கை நினைவில் வைத்தே. ஆண்டவருக்குக் கட்டிடம் எழுப்ப ஆசைப்பட்ட அரசருக்குக் கிடைத்தது ஒரு குழந்தையைப்பற்றிய வாக்கு என்பதை, கோவில் கட்டவும் புதுப்பிக்கவும் பாடுபட்ட நம் பங்கு மக்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது இசையாஸ். இங்கே நாம் சற்று அதிக நேரம் தங்கத்தான் வேண்டும்.

கி.மு. 735-ஐ ஒட்டிய ஆண்டுகள். யூதேயாவின் அரசன் ஆக்காஸ். வடக்கே இஸ்ராயேலின் அரசன் பெக்காவும், தமஸ்கு அரசன் ரசீனும் கூட்டுச் சேர்ந்து எருசலேமின்மீது படையெடுத்தார்கள். ஆக்காசை நீக்கிவிட்டுத் தாவீதின் குலத்தைச் சேராத வேறொருவனை அரியணையில் அமர்த்துவது அவர்கள் திட்டம். நாத்தானின் வாக்கே ஆபத்துக்கு உள்ளாகிவிட்டது. நகரத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் அருகில், வண்ணார் துறைக்குப் போகும் பாதையில் ஆக்காஸ் இருந்தபோது, இசையாஸ் தம் சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைச் சந்திக்கச் சென்றார். அஞ்ச வேண்டாம், அமைதியாயிரு என்றார். நம்பிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டுமானால் ஆண்டவரிடம் கேள், வானளவு உயர்ந்ததாயினும் கேள் என்றார்.

ஆக்காஸ் கேட்கவில்லை. ஆண்டவரைச் சோதிக்கத் தான் துணியவில்லை என்று பக்தியுள்ளவன் போலப் பேசினான். உண்மை வேறு. அவன் அசீரியப் பேரரசன் திகிலாத் பிலேசரை நம்பியிருந்தான். கோவில் கருவூலத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் அள்ளி அவனுக்குக் கப்பமாக அனுப்பியதை அரசர் ஆகமம் கூறுகிறது. அசீரிய அரசனின் கல்வெட்டிலும், கப்பம் கட்டிய சிற்றரசர் வரிசையில் யூதேயா நாட்டு ஆக்காசின் பெயர் காணப்படுகிறது. அதே அரசர் ஆகமம் இவனைப்பற்றி இன்னொன்றையும் சொல்கிறது: இவன் தன் மகனையே நெருப்பில் பலியிட்டவன்.

அத்தகைய மனிதனுக்கு, அவன் கேளாதபோதே, ஆண்டவர் கொடுத்த அடையாளம் ஒரு குழந்தை. ஒரு பெண் கருத்தாங்கி மகனைப் பெறுவாள் என்றும், அவனுக்கு எம்மானுவேல், அதாவது இறைவன் நம்மோடு, எனப் பெயரிடுவாள் என்றும் இசையாஸ் அறிவித்தார். நம் ஊர்களில் மனுவேல் என்று பெயர் தாங்கியவர் எத்தனை பேர்! போர்த்துக்கேயர் வாய்வழி வந்த அந்தப் பெயர், வண்ணார் துறைப் பாதையில் ஒரு கோழை அரசனுக்குச் சொல்லப்பட்ட அதே பெயர்தான்.

இவ்விடத்தில் ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. பிறசபையாரும் பிற சமயத்தாரும் நம் இளைஞரிடம் கேட்கும் கேள்வி இது. கேட்டவுடன் திகைத்துப் போகிறவர்களும் உண்டு. இசையாஸ் எபிரேயத்தில் பயன்படுத்திய 'அல்மா' என்னும் சொல்லுக்கு மணப்பருவமடைந்த இளம்பெண் என்று பொருள். கன்னி என்பதை மட்டுமே குறிக்கும் வேறு சொல் அம்மொழியில் உண்டு. மேலும் அந்தக் குழந்தை நன்மை தீமை அறியும் முன்பே ஆக்காஸ் அஞ்சிய இரு அரசர்களின் நாடும் பாழாகும் என்று இசையாஸ் தொடர்ந்து கூறுகிறார். அப்படியே நடந்தது. தமஸ்கு கி.மு. 732-இல் வீழ்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்துச் சமாரியாவும் வீழ்ந்தது. எனவே அந்த வாக்குக்கு அக்காலத்திலேயே ஒரு நிறைவு இருந்தது. அக்குழந்தை ஆக்காசின் மகன் எசேக்கியாஸ் என்று யூத அறிஞர் பலர் கொண்டனர்.

அப்படியானால் நம் விசுவாசம் ஒரு மொழிபெயர்ப்புத் தவறின்மீது நிற்கிறதா? இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு வெகு காலம் முன்பே எகிப்து நாட்டு யூதர்கள் இசையாசைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, அந்த இடத்தில் கன்னி என்னும் பொருளுடைய சொல்லைத்தான் இட்டார்கள். கிறிஸ்தவர் செய்த மாற்றமல்ல அது. இதைவிட முக்கியமானது வேறொன்று. லூக்காஸ் நற்செய்தி, மரியன்னை கன்னியாகவே கருத்தாங்கியதை விரிவாகக் கூறுகிறது. ஆயினும் இசையாசின் இந்த வாக்கை அங்கே எடுத்துக்காட்டவே இல்லை. கிறிஸ்துவுக்கு முன் யூதர்கள் இவ்வரியை மெசியாவின் பிறப்பைக் குறித்ததாகப் படித்தார்கள் என்பதற்கும் நமக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே நூலில் ஒரு வரியைப் பார்த்து அதற்கேற்பக் கதை கட்டினார்கள் என்பது பொருந்தாது. நிகழ்ச்சி முதலில் நடந்தது. அதைக் கண்டவர்கள் பின்பு நூலைத் திறந்தார்கள். திறந்தபோது, பழைய சொல் தன் முதல் நிறைவைவிடப் பெரியதாக இருக்கக் கண்டார்கள். நெல்லுக்கு வெட்டிய வாய்க்காலில் ஆறே வந்து பாய்ந்தது போல.

மிக்கேயாஸ் இசையாசின் காலத்தவர், ஆனால் தலைநகரத்தவரல்லர். எருசலேமுக்குத் தென்மேற்கே தாழ்நாட்டுக் கிராமமாகிய மொரேசேத் அவர் ஊர். கி.மு. 701-இல் அசீரிய அரசன் சென்னாக்கெரிப் யூதேயாவைச் சூறையாடியபோது, நொறுங்கியவை அந்தப் பகுதி ஊர்களே. எருசலேமின் பிரபுக்கள் ஏழைகளின் வயல்களைப் பறிப்பதை அவர் கடுஞ்சொற்களால் கண்டித்தார். சீயோன் மலை வயலைப்போல் உழப்படும் என்றுகூடச் சொன்னார். அப்படிப்பட்டவர், எதிர்கால அரசர் தலைநகரின் அரண்மனையிலிருந்து வராமல், குலங்களுள் எண்ணத்தகாத அளவு சிறிய பெத்லெகேமிலிருந்து வருவார் என்று சொன்னதில் வியப்பில்லை. தாவீது ஆடு மேய்த்த ஊர் அது. அரச குலம் அழுகிவிட்டால், ஆண்டவர் மீண்டும் வேருக்கே போய்த் தொடங்குவார் என்பது மிக்கேயாசின் நம்பிக்கை.

இவ்வாறு மூன்று வாக்குகள். இவற்றின் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால், மூன்றும் பொய்த்தன என்றே எவரும் சொல்லியிருப்பர். கி.மு. 587-இல் பாபிலோனியர் எருசலேமைத் தீக்கிரையாக்கினர். கடைசி அரசன் செதேக்கியாசின் கண்முன்னே அவன் புதல்வரைக் கொன்று, பின் அவன் கண்களைக் குருடாக்கி, விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். அவனுக்கு முன்பே சிறைப்பட்டிருந்த அரசன் எக்கோனியாஸ் பாபிலோனில் உயிரோடிருந்தான். அந்நகரின் இடிபாடுகளில் கிடைத்து 1939-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட களிமண் பலகைகளில், யூதேயாவின் அரசனுக்கும் அவனுடைய ஐந்து புதல்வருக்கும் எண்ணெய்ப் படி அளந்து கொடுத்த கணக்கு எழுதப்பட்டுள்ளது. என்றும் நிலைக்கும் என்று வாக்களிக்கப்பட்ட அரியணையிலிருந்து மிஞ்சியது அன்னிய அரசனின் கிடங்கிலிருந்து வரும் எண்ணெய் மட்டுமே! சிறையிலிருந்து திரும்பிய மக்களுக்குத் தலைவராக வந்த சொரொபாபேலும் தாவீதின் வழியினரே; ஆனால் அவர் முடிசூடவில்லை, பின்பு வரலாற்றிலிருந்தே மறைந்துவிடுகிறார். அதன்பின் பாரசீகர், கிரேக்கர், தாவீதின் குலத்தைச் சேராத குரு அரசர்கள் என ஒருவர்பின் ஒருவராக வந்தனர். கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்தான். கி.மு. 37 முதல் இதுமேய குலத்தவனாகிய ஏரோது ஆண்டான்.

இந்த நீண்ட இருட்டிலும் அம்மக்கள் அந்நூல்களை எறிந்துவிடவில்லை. நிறைவேறாத வாக்குகளைப் படியெடுத்துப் படியெடுத்துக் காத்தார்கள். நம் எண்ணத்தில், தீர்க்கதரிசிகளின் துணிவுக்குச் சற்றும் குறையாத துணிவு இது.

மத்தேயு தம் நற்செய்தியைத் தலைமுறை அட்டவணையோடு தொடங்குவது இதனால்தான். திருவருகைக் காலத்தில் டிசம்பர் 17-ஆம் நாள் பூசையில் அது வாசிக்கப்படும்போது, அத்தனை பெயர்களையும் தட்டுத்தடுமாறி வாசிக்கும் குருவானவர்மேல் நமக்கு இரக்கம் உண்டாவது இயல்பு. இனி ஒரு பெயருக்காவது காது கொடுத்துக் கேட்கலாம். தாவீதுக்கும் சூசையப்பருக்கும் நடுவே, அடையாளம் வேண்டாம் என்று மறுத்த ஆக்காஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறான். எண்ணெய்ப் படி வாங்கிய எக்கோனியாசும் இருக்கிறான். பிற இனத்தாராகிய ராகாபும் ரூத்தும் இருக்கிறார்கள். மத்தேயு இவர்களை மறைக்கவில்லை.

அதன்பின் ஆண்டவரின் குழந்தைப் பருவத்தைக் கூறுகையில், மறைவாக்கு நிறைவேறியதாக ஐந்து இடங்களில் அவர் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று ஓசே எழுதியது. அதைத் திறந்து பார்த்தால், எகிப்திலிருந்து இஸ்ராயேல் மக்கள் மீட்கப்பட்ட பழைய நிகழ்ச்சியை ஓசே நினைவுகூர்கிறாரேயன்றி, எதையும் முன்னறிவிப்பதாகத் தோன்றாது. எரேமியாசின் வாக்கும் அவ்வாறே. நாடு கடத்தப்பட்டோர் ராமாவைக் கடந்து போகையில், இறந்துபோன முதுதாய் ராக்கேல் தன் மக்களுக்காகக் கல்லறையிலிருந்து அழுவதாக அவர் பாடினார். பெத்லெகேமில் மாசற்ற குழந்தைகள் வெட்டுண்டபோது மத்தேயு அந்த அழுகையைத்தான் நினைத்தார். ராக்கேல் அடக்கம் செய்யப்பட்டது பெத்லெகேமுக்குப் போகும் வழியில் என்று ஆதியாகமம் கூறுகிறது. இயேசு நாசரேத்தூரார் எனப்படுவார் என்னும் ஐந்தாவது வாக்கோ, அதே சொற்களில் பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. தளிர் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லோடு அதை இணைத்துப் பொருள் கண்டார்கள் பழைய உரையாசிரியர்கள்.

இவற்றிலிருந்து மத்தேயுவின் நோக்கம் விளங்குகிறது. இத்தனை சீட்டுகள் எழுதப்பட்டிருந்தன, இத்தனையும் பலித்தன என்று கணக்குக் காட்ட அவர் எழுதவில்லை. இந்தக் குழந்தை தன் மக்களின் பாதை முழுவதையும், எகிப்தையும் நாடுகடத்தலையும் தாய்மாரின் அழுகையையும்கூட, தன்மேல் ஏற்றுக்கொண்டு நடக்கிறது என்கிறார். கிறிஸ்துவின் பிறப்பு முன்னறிவிக்கப்பட்டது என்று நாம் சொல்வதன் உட்பொருள் இதுவே. அவர் வானத்திலிருந்து விழுந்த அந்நியரல்லர். ஒரு மக்களுக்கு, ஒரு குலத்துக்கு, ஓர் ஊருக்கு வாக்களிக்கப்பட்டு, ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவர்.

வாக்கை அறிந்திருந்தால் மட்டும் போதாது என்பதையும் மத்தேயு வெளிப்படையாகவே எழுதிவிட்டார். கீழ்த்திசை ஞானிகள் எருசலேமுக்கு வந்து கேட்டபோது, ஏரோது தலைமைக் குருக்களையும் வேதபாரகரையும் கூட்டி விசாரித்தான். அவர்கள் தடுமாறவில்லை. பெத்லெகேம் என்று உடனே சொன்னார்கள். மிக்கேயாசின் வாக்கையும் சான்று காட்டினார்கள். விடை சரியானதே. எருசலேமிலிருந்து பெத்லெகேம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேலில்லை; காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். ஒருவரும் புறப்பட்டதாக நற்செய்தி கூறவில்லை. போனவர்கள், வேதாகமம் அறியாத அன்னியர்கள். அருளப்பர் நற்செய்தியிலோ இன்னும் ஒருபடி மேலே போய், மெசியா தாவீதின் ஊராகிய பெத்லெகேமிலிருந்தன்றோ வரவேண்டும், இவர் கலிலேயர் ஆயிற்றே என்று மறைவாக்கைக் காட்டியே சிலர் இயேசுவை மறுக்கிறார்கள். அருளப்பர் அவர்களுக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடுகிறார்.

திருச்சபை இந்த வாக்குகளை எளிதில் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், கருங்கடல் துறைமுகமாகிய சினோப்பேயைச் சேர்ந்த மார்சியோன் என்னும் கப்பல் முதலாளி உரோமைக்கு வந்து, அங்கிருந்த சபைக்கு இரண்டு இலட்சம் செஸ்தெர்சு நாணயங்களைக் காணிக்கையாகக் கொடுத்தான். பெருந்தொகை அது. பின்பு அவன் ஒரு புதுப் போதனையைத் தொடங்கினான். பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு. யூதரின் நூல்கள் நமக்கு எதற்கு என்றான். 144-ஆம் ஆண்டில் உரோமைச் சபை அவனை விலக்கியது. அவன் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. நன்கொடையாளர் மனம் கோணக்கூடாதே என்று தயங்கும் நம் போன்றோர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

மார்சியோன் என்ன செய்தான் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. பவுலடியாரின் பத்து நிருபங்களையும், வெட்டித் திருத்திய லூக்காஸ் நற்செய்தியையும் மட்டுமே அவன் வைத்துக்கொண்டான். அந்த நற்செய்தியில் முதல் இரண்டு அதிகாரங்கள் இல்லை. கபிரியேல் இல்லை, எலிசபெத்து இல்லை, தீவனத்தொட்டி இல்லை, இடையர் இல்லை. தீபேரியு அரசனின் பதினைந்தாம் ஆண்டில் அவனுடைய கிறிஸ்து வளர்ந்த ஆளாகவே கப்பர்நகூமில் வந்து இறங்குகிறார். தீர்க்கதரிசிகளை வெட்டியெறிந்தவன் பிறப்பையும் வெட்டியெறிய வேண்டியதாயிற்று. அவன் வென்றிருந்தால் நாம் குடில் கட்டுவதற்கு ஒன்றுமே இருந்திராது.

அதே நகரில், அதே தலைமுறையில் புனித ஜஸ்தீன் வாழ்ந்தார். பலஸ்தீனத்தின் நெயாப்போலி நகரில் பிறந்து, தத்துவப் பள்ளி ஒவ்வொன்றாக ஏறி இறங்கி நிறைவு காணாத அவருக்கு, ஒருநாள் கடற்கரையில் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர் தீர்க்கதரிசிகளைப் படிக்கச் சொன்னார். அதுவே தம்மை மனந்திருப்பியதாக ஜஸ்தீனே எழுதியிருக்கிறார். திரிப்போன் என்னும் யூதரோடு அவர் நடத்திய உரையாடல் நூலில், மேலே நாம் கண்ட 'இளம்பெண்' என்னும் மறுப்பு அப்போதே எழுப்பப்படுகிறது. கேள்வி பழையது, அதைக் கேட்டுத் திகைக்கத் தேவையில்லை. 165-ஐ ஒட்டி அவர் உரோமையில் வேதசாட்சியாக மரித்தார்.

கற்றோர் நூலெழுதினர், கல்லாதோர் சுவரில் எழுதினர். உரோமையில் சலாரியா சாலையிலுள்ள பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் மூன்றாம் நூற்றாண்டுச் சிறு ஓவியம் ஒன்று உண்டு. தாய் ஒருத்தி குழந்தையை மடியில் ஏந்தி அமர்ந்திருக்கிறாள். அருகில் நிற்கும் மனிதர் மேலே ஒரு நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அவர் பாலாம் என்பார் சிலர், இசையாஸ் என்பார் சிலர். தேவதாயின் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்றாகிய அதிலேயே தீர்க்கதரிசியும் உடன் நிற்கிறார்.

பிற இனத்தாரிடமும் முன்னறிவிப்பு உண்டா என்று தேடியவர்களும் இருந்தனர். கி.மு. 40-ஐ ஒட்டி உரோமைக் கவிஞன் விர்ஜில் ஒரு குழந்தையின் பிறப்பால் பொற்காலம் வரும் என்று பாடியதைக் கொன்ஸ்தந்தீன் பேரரசர் கிறிஸ்துவைக் குறித்ததாகவே கொண்டார். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்தீன் சிற்றாலய விதானத்தில் ஏழு தீர்க்கதரிசிகளோடு, உரோமையர் போற்றிய குறிசொல்லும் பெண்கள் ஐவரையும் வரைந்து வைத்தார். அழகிய எண்ணமே. ஆயினும் விர்ஜிலைக் கிறிஸ்தவனாக்குவதைப் புனித எரோணிமூஸ் நகைத்தார். நாமும் அவர் பக்கமே. மனிதரின் ஏக்கம் வேறு, இறைவன் கொடுத்த வாக்கு வேறு.

அந்த எரோணிமூஸ் 386 முதல் பெத்லெகேமிலேயே தங்கி, எபிரேய மூலத்திலிருந்து பழைய ஏற்பாட்டை இலத்தீனில் பெயர்த்தவர். அவருக்கு எபிரேயம் கற்பித்த யூத ஆசிரியர் ஒருவர், தம் இனத்தார் கண்ணில் படாதிருக்க இரவில் வந்து பாடம் சொன்னார். இதை நாம் மறக்கலாகாது. நமக்கு இசையாசைக் காத்துக் கொடுத்தவர்கள் யூதர்கள். அதே இசையாசைக் கையில் வைத்துக்கொண்டே கிறிஸ்தவ நாடுகள் அவர்களைக் குருடரென்று ஏசித் துன்புறுத்தின. பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டில் அவர்களைக் குறித்து நின்ற கடுஞ்சொல்லைப் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1959-இல் நீக்கினார். 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வத்திக்கான் சங்கம், யூத மக்கள் இறைவனால் தள்ளப்பட்டவரோ சபிக்கப்பட்டவரோ அல்லர் என்று அறிவித்தது. வாக்கைக் காத்தவர்களைப் பழிப்பது வாக்களித்தவரைப் பழிப்பதாகும் என்பதை உணர நமக்கு இத்தனை நூற்றாண்டுகள் பிடித்தன.

வாக்குகள் நிகழ்ச்சிக்குப் பின் எழுதிச் சேர்க்கப்பட்டவை என்று ஒரு காலத்தில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. அதற்கு விடை 1947-ஆம் ஆண்டளவில் கிடைத்தது. சாக்கடலின் மேற்குக் கரையில், கும்ரான் குன்றுகளில் ஆடு மேய்த்த நாடோடி இடையர்கள் ஒரு குகையில் மண் சாடிகளைக் கண்டார்கள். உள்ளே இருந்த சுருள்களுள் ஒன்று இசையாசின் முழு நூல். பதினேழு தோல்களை ஒன்றோடொன்று தைத்து, ஐம்பத்து நான்கு பத்திகளில் எழுதியது. விரித்தால் ஏழு மீட்டருக்கு மேல் நீளும். எழுத்தின் வடிவைக்கொண்டு அதைக் கிறிஸ்துவுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது என அறிஞர் கணித்தனர். எம்மானுவேலைப்பற்றிய வரி அதில் இருக்கிறது. அதற்கு முன் கையிலிருந்த எபிரேயப் படிகள் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பிந்தியவை. இரண்டையும் ஒப்பிட்டபோது எழுத்துக்கூட்டு வேறுபாடுகளும் சிறு மாற்றங்களும் நீங்கலாக நூல் அதுவாகவே இருந்தது.

அந்தச் சுருளின் மதிப்பு இடையருக்குத் தெரியாது. அது பின்பு எருசலேமிலிருந்த சீரிய ஆயரின் கைக்குப் போய், கடல் கடந்து, 1954-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் விற்பனை விளம்பரப் பத்தியில் இடம்பெற்று, மற்ற மூன்று சுருள்களோடு இரண்டரை இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, மீண்டும் எருசலேமுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் குகையிலிருந்து எடுத்தபின் அந்த இடையர்கள் அதை விற்கக் கொண்டுபோன இடம் பெத்லெகேம். அங்கே செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டு பழம்பொருளும் வாங்கி விற்ற ஒரு கிறிஸ்தவரின் கடையில் இசையாசின் சுருள் வந்து இறங்கியது.